கொர்ர்ர்... ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையரின் சரித்திரம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஹாஸ்டல் நினைவுகள் எழுத ஏகப்பட்ட பேர் இருக்காங்க, நீ சரித்திரம் மாதிரி ஏதாவது எழுதேன்" என்றார்கள். சரித்திரத்தில் எனக்குப் பானிபட் யுத்தம் வரைக்கும்தான் பரிச்சயம். அதற்கப்புறம் தெரிந்ததெல்லாம் ஓம் விதியும் கிர்ச்சாஃப் விதியும்தான். ஆகவே அந்தப் பக்கமாகவே போகிறேன். இது ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர் போட்ட சத்தங்களின் சரித்திரம்.

"வால்வா? அப்படின்னா?" என்று கேட்கப் போகும் ஜூனியர்களுக்கு: டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் அதன் வேலையைச் செய்த கண்ணாடிக் குடுவை. அமெரிக்கர்கள் ட்யூப் என்பார்கள். 2009 பேட்ச்சான எங்களுக்கே அது சிலபஸில் ஒரு பாராவில் பிறந்து அதே பாராவில் இறந்து விட்டது. தாத்தா வீட்டு ரேடியோ சூடேறி, பச்சைக் கண் முழித்து, ஒரு நிமிஷம் கழித்துப் பேச ஆரம்பித்ததைப் பார்த்தவர்கள் நம்மில் மூத்த பேட்ச்காரர்கள் மட்டும்தான்.

வேலை நிமித்தமாக நான் நியூ ஜெர்சியில் மூன்று வருஷம் இருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர், ரிட்டயர்டு பேஸ் கிடார் வாத்தியக்காரர். தன் பழைய ஆம்பெக் பி-15 பெட்டியை, "சத்தம் போடுது, எடுத்துட்டுப் போறியா?" என்று ஒரு சொற்ப விலைக்குத் தள்ளி விட்டார். அதே மாநிலத்தில் லிண்டன் என்ற ஊரில் 1960களில் செய்தது. ஊர் திரும்பும்போது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் போட்டுக் கொண்டு வந்தேன். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். அதன் உள்ளே இறங்கின பிறகுதான், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வருஷமும் ஒரு ஊரும் இருப்பது புரிந்தது.

முதலில் பேஸ் பற்றி இரண்டு வார்த்தை. இளையராஜா பாட்டுகளில் அடியில் "தும் தும்" என்று ஒன்று ஓடிக் கொண்டிருக்குமே, அது பேஸ் கிடார். இதன் மூதாதை டபுள் பேஸ். ஆள் உயர வயலின், தரையில் ஒரு முளையை ஊன்றி நிற்கும். 1930, 40களில் அமெரிக்கப் பெரிய பாண்டுகளில் டிரம்பெட், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து முழங்கினால், பாவம், இந்த வாத்தியத்துக்காரர் விரல் தேய வாசிப்பது முதல் வரிசைக்குக்கூட எட்டாது. எவரெட் ஹல் என்ற நியூயார்க் பேஸ் வாத்தியக்காரர் 1946 வாக்கில் அந்த முளைக்குள் ஒரு சின்ன மைக்கை ஏற்றி, வாத்தியத்தின் வயிற்றுக்குள் நீட்டினார். முளைக்கு இங்கிலீஷில் பெக். ஆம்ப்ளிஃபைட் பெக், சுருக்கி ஆம்பெக். கம்பெனிப் பெயரே ஒரு இரைச்சல் பிரச்னையிலிருந்து பிறந்ததுதான்.

அந்தப் பக்கம் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற கிடாரைக் கொண்டு வந்தார். கழுத்தில் கட்டைகள் உண்டு, சுருதி பிசகாது. தோளில் மாட்டிக் கொண்டு நடக்கலாம். கூடவே 1952இல் பேஸ்மேன் என்று ஒரு ஆம்ப்ளிஃபையர். (இந்த பேஸ்மேனை பேஸ்காரர்களை விட சாதா கிடார்காரர்கள்தான் கொண்டாடினார்கள். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் அதன் சர்க்யூட்டைப் பார்த்துச் செய்ததுதான் முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபையர். அது தனிக் கதை.)

சாதா கிடாரின் ஆம்ப்ளிஃபையரிலேயே பேஸைச் சொருகினால் போதாதா? போதாது. நம் காதே காரணம். பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் ஞாபகம் இருக்கும். தாழ்ந்த சுருதிகளுக்கு மனிதக் காது மந்தம். நடு ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் எவ்வளவு பலமாகக் கேட்கிறதோ, அதே பலத்தில் 40 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால் பல மடங்கு சக்தி வேண்டும். பேஸ் கிடாரின் கடைசித் தந்தி 41.2 ஹெர்ட்ஸ். ஆகவே பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஸ்பீக்கர், பெரிய பெட்டி.

1960இல் ஆம்பெக்கில் ஜெஸ் ஆலிவர் என்ற டிசைனர் இதற்கு ஒரு அழகான விடை சொன்னார். அதுதான் பி-15. 15 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6எல்6 வால்வு, 25 வாட்ஸ். ஆம்ப்ளிஃபையரை மூடியின் மேல் பொருத்தி, வேலை முடிந்ததும் அப்படியே தலைகீழாகப் புரட்டிப் பெட்டிக்குள் மூடி விடலாம், நம்ம ஊர்த் தையல் மிஷின் மாதிரி. டெட்ராய்ட்டின் மோடவுன் பாட்டுகளுக்கு முதுகெலும்பாக இருந்த ஜேம்ஸ் ஜேமர்சன் வைத்திருந்தது இந்தப் பெட்டிதான். ஹல்லுக்கு ராக் இசையும் பிடிக்காது, ஒலி சிதைவதும் பிடிக்காது. சுத்தமாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கொள்கை. அவர் போன பிறகு, 1969இல், அதே கம்பெனி 300 வாட்ஸில் எஸ்விடி என்று ஒரு ராட்சசனை இறக்கி, ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்கு அனுப்பியது. பதினாலு வால்வு, உள்ளே ஏறத்தாழ 700 வோல்ட் டி.சி. அதை ரிப்பேர் செய்கிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பேஸ் ஆம்ப்ளிஃபையரில் இரைச்சலைப் பிடிப்பது மற்றவற்றை விட ஏன் கஷ்டம்? சாதா மைக் செட்டில் "கொர்" என்று கேட்டால் பேஸ் திருகைக் குறைத்து விடலாம், பேச்சு கெடாது. இங்கே அது முடியாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதை நேர்மின்சாரமாக்கினால் மிச்சம் நிற்கும் அலை 100 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் நாலு தந்திகள் 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். அதாவது உறுமலும் இசையும் ஒரே வீட்டில், ஒரே அறையில் குடியிருக்கின்றன. உறுமலை வெட்டினால் பாட்டும் போய் விடும். வெளியே நின்று வடிகட்ட வழியில்லாததால், பிறக்கிற இடத்துக்கே போய்த்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு வகையில் பேஸ் ஆம்ப்ளிஃபையரின் சரித்திரமே இதுதான் என்பேன்.

ஆனால் இந்த ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு லாபமும் உண்டு. சி.ஆர்.ஓ. இல்லாமலே உறுமல் எது என்று கண்டுபிடிக்கலாம். மெல்லிய தந்தியை (98 ஹெர்ட்ஸ்) மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உறுமல் 100 ஹெர்ட்ஸாக இருந்தால் இரண்டும் மோதி, வினாடிக்கு இரண்டு தடவை "வாவ், வாவ்" என்று ஏறி இறங்கும். தடித்த தந்தியில் மூன்றாவது கட்டையைப் பிடித்தால் 49. உறுமல் 50 ஆனால் வினாடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். பிசிக்ஸ் லேபில் ட்யூனிங் ஃபோர்க்கை வைத்துக் கொண்டு நாம் எண்ணிய அதே பீட்ஸ்! அமெரிக்காவில் 60, 120 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த வித்தை இவ்வளவு பொருத்தமாக அமையாது. இங்கே கரண்ட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வேலை ஆகி விடும்.

ஸ்விட்ச் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம். இதை அவசரப்பட்டுத் தாண்டிப் போகாதீர்கள். அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டிகளுக்கு இரண்டு பின் பிளக்தான், எர்த் கிடையாது. உறுமலைக் குறைக்க அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கரண்ட் வரும் ஒயரிலிருந்து இரும்புச் சட்டத்துக்கு ஒரு சின்ன கண்டென்சர், சுமார் 0.05 மைக்ரோஃபாரட். எந்த ஒயர் லைன், எந்த ஒயர் நியூட்ரல் என்று பிளக்குக்குத் தெரியாது என்பதால், உறுமல் குறைகிற பக்கம் தள்ளிக்கொள்ள ஒரு ஸ்விட்ச். கண்டென்சர் நன்றாக இருந்தால் தொட்டால் ஒரு "சுர்", அவ்வளவுதான். நம் 230 வோல்ட் அதன் வழியே வந்தால் கணக்குப்படி 3.6 மில்லி ஆம்பியர். அதுவே ஷார்ட் ஆகி விட்டால்? முழு லைன் வோல்டேஜும் சட்டத்தில். சட்டத்திலிருந்து கிடார் ஒயர், ஒயரிலிருந்து தந்தி, தந்தியிலிருந்து விரல். மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் "டெத் கேப்". எமனுக்கு ஒரு கண்டென்சர்!

எர்த் இல்லாத மேடை என்ன செய்யும் என்பதற்கு ஒரு சம்பவம். ஸ்டோன் த க்ரோஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, 1972 மே 3 அன்று வேல்ஸில் ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் செய்யப்படாத மைக்கை ஈரக்கையோடு தொட்டு இறந்து போனார். வயது 27. நம் கல்சுரல்ஸ் மேடைகளில் ஜெனரேட்டர் ஒயரை மூங்கில் கம்பில் கட்டித் தொங்கவிட்ட சீனியர்கள், ஜூனியர்கள் எல்லாரும் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

நம் ஊரில் இன்னொரு வில்லங்கம் சேர்ந்து கொள்கிறது. அமெரிக்கப் பெட்டிக்கு 117 வோல்ட் வேண்டுமென்று கடையில் வாங்கும் ஸ்டெப்-டவுன் பெட்டிகள் நிறைய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்கள். உள்ளே இரண்டு சுற்றும் தனித்தனி இல்லை. லைனும் நியூட்ரலும் மாறிச் சொருகினால், "117" என்று போட்டிருக்கும் சாக்கெட்டில் ஒரு முனை தரையைப் பொறுத்து 230 வோல்ட்டில் நிற்கும். ஆகவே நான் முதலில் செய்தது, அந்தக் கண்டென்சரைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்று பின் ஒயர் போட்டு, பச்சை ஒயரைச் சட்டத்தில் தனி போல்ட்டில் முறுக்கியது. ஸ்டெப்-டவுனும் தனிச்சுற்று வகைதான். உறுமலில் பாதி அதிலேயே போய் விட்டது.

மீதிப் பாதியைத் தேடுவதற்குப் பழைய வால்வு மெக்கானிக்குகளின் முறையை விட நல்லது எதுவும் எனக்குத் தெரியவில்லை. பாதி பாதியாக வெட்டிக் கொண்டே போக வேண்டும். கிடார் ஒயரைப் பிடுங்கு, சத்தம் போச்சா? குற்றவாளி கிடாரோ ஒயரோ. (ஃபெண்டர் 1957இல் பிரிசிஷன் பேஸின் காந்தச் சுருளை இரண்டாக வெட்டி, ஒன்றை எதிர்த்திசையில் சுற்றி, இரண்டிலும் ஏறும் உறுமல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்தார்.) போகவில்லையா? வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வா. அப்போதும் இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால். முன்பக்க வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்று. எந்த வால்வைக் கழற்றும்போது அடங்குகிறதோ, அதிலோ அதற்கு முன்போ. இன்று சாஃப்ட்வேரில் இருக்கும் நண்பர்கள் பைனரி சர்ச் என்று பெருமை அடித்துக் கொள்வது இதைத்தான்.

என் பெட்டியில் வால்வுகளை எல்லாம் கழற்றியும், பின்னால் இருக்கும் இரண்டு பெரிய வால்வுகள் மட்டும் உறுமின. தந்தியைத் தட்டினால் வினாடிக்கு இரண்டு தடவை. அதாவது 100 ஹெர்ட்ஸ், அதாவது ஃபில்டர் கண்டென்சர்.

கரல் பொல்லாக் என்ற போலந்துக்காரர் 1897இலேயே இந்த ரகக் கண்டென்சருக்குக் காப்புரிமை வாங்கி விட்டார். அலுமினியத் தகட்டின் மேல் மின்சாரத்தால் வளரும் ஒரு மெல்லிய ஆக்சைடு தோல்தான் இதில் இன்சுலேஷன். ஆனால் முப்பது வருஷம் யாருக்கும் அது பெரிதாகத் தேவைப்படவில்லை, ஏனென்றால் ரேடியோக்கள் பேட்டரியில் ஓடின. 1920களின் கடைசியில் ரேடியோவை வீட்டுச் சுவரில் சொருகும் காலம் வந்தபோதுதான், அலையடிக்கும் கரண்டைச் சமன் செய்ய எல்லாருக்கும் அது வேண்டியதாயிற்று. உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் காயும். பெட்டி சும்மா கிடந்தால் ஆக்சைடு தோலும் வலுவிழக்கும். ஐம்பது வருஷம் பரணில் கிடந்ததை நேரே ஸ்விட்ச் போட்டால் ஊதி வெடித்தாலும் வெடிக்கும். என்னுடையதன் அடியில் பசை கசிந்து கருத்திருந்தது. மாற்றியதும் அடங்கியது. மாற்றும் முன் ஒரு ரெஸிஸ்டன்ஸ் வழியாக அதன் சார்ஜை வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து ரொம்ப நேரம் ஆனாலும் உள்ளே 400 வோல்ட் பதுங்கியிருக்கும். ஒரு கை எப்போதும் சட்டைப் பையில்.

இருந்தும் ஒரு முனகல் மிச்சம். அந்த இரண்டு 6எல்6 வால்வுகளும் புஷ்-புல், ஒன்று தள்ள ஒன்று இழுக்கும். இரண்டும் சம பலம் என்றால் சப்ளையிலிருந்து வரும் அலை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று ரத்து செய்து விடும். ஒன்று கிழடு தட்டி விட்டால் ரத்து ஆகாது. வண்டியில் ஒரு மாடு நொண்டினால் எப்படியோ அப்படித்தான். ஜோடியாக மாற்றினேன்.

அடுத்தது 50 ஹெர்ட்ஸ். இதன் தேதி 1927. அதற்கு முன் வால்வின் இழையை பேட்டரியில்தான் சூடாக்க வேண்டும்; ஏ.சி. கொடுத்தால் இழையே எலக்ட்ரானைக் கக்குவதால் உறுமல் நேரே பாட்டில் கலந்து விடும். அந்த வருஷம் ஆர்சிஏ கொண்டு வந்த 227 என்ற வால்வில் அடுப்பு வேறு, பாத்திரம் வேறு. உள்ளே ஏ.சி.யில் காயும் ஹீட்டர், அதைச் சுற்றி தனியாக ஒரு கேத்தோடு. இன்றும் பெரும்பாலான வால்வுகளின் ஹீட்டர் 6.3 வோல்ட் என்று இருப்பது 1930களின் கார் ரேடியோ விட்டுச் சென்ற அடையாளம்: 2.1 வோல்ட் செல்கள் மூன்று சேர்ந்த கார் பேட்டரி. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவிலுள்ள இன்சுலேஷன் வயதாகிக் கசிந்தாலோ, ஹீட்டர் ஒயர்களின் முறுக்கு பிரிந்து முன்பக்கக் கிரிட் அருகே போனாலோ 50 ஹெர்ட்ஸ் வந்து விடும். யாரோ ஒரு பழைய மெக்கானிக் இங்கே ஒயர்களைப் பிரித்துப் போட்டிருந்தார். மறுபடி ஜடை பின்னி, சட்டத்தின் மூலையோடு ஒட்டி ஓட விட்டேன். பிறகு தந்தியைத் தட்டினால் மோதுவதற்கு எதிரில் ஆளில்லை.

உறுமல் போனதும் அதுவரை அது மறைத்து வைத்திருந்தவை வெளியே வந்தன. சில தாழ்ந்த ஸ்வரங்களில் "ணங்" என்று ஒரு மணியோசை. வால்வுக்குள் இருக்கும் கம்பிகள் தளர்ந்து, ஸ்பீக்கர் அதிர்ச்சியில் ஆடி, வால்வே மைக்காக மாறுவது. முளைக்குள் மைக் வைத்துப் பிறந்த கம்பெனியின் பெட்டியில் கேட்காமலே இன்னொரு மைக்! பி-15இல் வால்வுகள் ஸ்பீக்கரின் தலைமேலேயே உட்கார்ந்திருப்பதால் இது சகஜம். ஐஸ்கிரீம் குச்சியால் ஒவ்வொரு வால்வாக லேசாகத் தட்டினேன் (பென்சில் வேண்டாம், கிராஃபைட் கரண்டைக் கடத்தும்). முதல் 6எஸ்எல்7 கோயில் மணி மாதிரி பதில் சொன்னது. ரிச்சி தெருவில் ஒரு பழைய கடையில் பெங்களூர் பெல் நிறுவனம் செய்த ஈசிசி83 அட்டைப்பெட்டியோடு கிடைத்தது, ஆனால் பின் அமைப்பு வேறு. 6எஸ்எல்7 இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்து சேர்ந்தது.

கடைசியாக "உஸ்ஸ்". இதுதான் ரொம்பப் பழையது, ரொம்ப உயர்குலத்தது. பெர்லினில் வால்டர் ஷாட்கி 1918இலேயே, ஆம்ப்ளிஃபையர் எவ்வளவு உத்தமமாக இருந்தாலும் எலக்ட்ரான்கள் தகரக் கூரையில் விழும் ஆலங்கட்டி மாதிரி தனித்தனியாக விழுவதால் ஒரு இரைச்சல் இருந்தே தீரும் என்று காட்டினார். பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் 1928இல், வெறும் ரெஸிஸ்டன்ஸே சூட்டினால் சத்தம் போடுகிறது என்று அளந்து காட்ட, நைக்விஸ்ட் அதற்குச் சூத்திரம் எழுதினார். இருவருமே ஸ்வீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள்.

என் பெட்டியின் "உஸ்"ஸில் கொஞ்சம் இவர்களுடையது, கொஞ்சம் பழைய கார்பன் ரெஸிஸ்டன்ஸ்களுடையது. கார்பன் தூளை அழுத்திச் செய்த அந்த ரகத்தில் கரண்ட் ஓடும்போது ஜான்சன் கணக்குக்கு மேலேயே படபடப்பு இருக்கும். முதல் வால்வின் தலையிலிருந்த இரண்டை மட்டும் மெட்டல் ஃபிலிமாக மாற்றினேன், படபடப்பு போயிற்று. மீதி ஜான்சனுடையது. ஒரு லட்சம் ஓம், 20 கிலோ ஹெர்ட்ஸ் அகலம், அறை வெப்பம் என்று வைத்தால் சுமார் 5.8 மைக்ரோவோல்ட். ஏ.சி. போட்டால் குறையுமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். சூத்திரத்தில் வெப்பம் வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. சென்னையின் 35 டிகிரியிலிருந்து ஐஸ் கட்டி வரைக்கும் குளிர்வித்தாலும் லாபம் ஆறு சதவீதம். பாதியாக்க வேண்டுமானால் ரெஸிஸ்டன்ஸை திரவ நைட்ரஜனில் முக்க வேண்டும். அந்த அளவுக்கு எனக்குப் பேஸ் வாசிக்கத் தெரியாது.

இப்போது பெட்டி அமைதி. ஒரே ஒரு சத்தம் மட்டும் பாக்கி, அதுவும் ஸ்பீக்கரில் இல்லை. பவர் டிரான்ஸ்ஃபார்மர் தானே இரும்போடு அதிர்ந்து முனகுகிறது, கொஞ்சம் சூடும் ஏறுகிறது. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றினதை 50இல் ஓட்டினால் காந்தப் பாய்வு இருபது சதவீதம் கூடுகிறது. வோல்டேஜைக் குறைத்தால் ஹீட்டர் பட்டினி கிடக்கிறது. பவர் எலக்ட்ரானிக்ஸில் இருக்கும் நம் பேட்ச்காரர்களோ ஜூனியர்களோ யாராவது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் சுத்தமான சைன் அலை தரும் சின்ன இன்வெர்ட்டர் செய்து கொடுக்கத் தயார் என்றால், ரீயூனியன் அன்று என்னைப் பிடிக்கவும். 300 வாட்ஸ் போதும். சாமான் செலவும் டீ செலவும் என்னுடையது.